நூல் சுற்றும் சிற்பம்: குழந்தையின் கையில் முதலில் எதைக் கொடுப்பது?

பிள்ளைகளோடு நூல் சுற்றிச் சிற்பம் செய்யலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது நூலைத்தான். எத்தனை நிறம், எத்தனை கண்டு, பளபளப்பா சாதாவா என்று மனம் அதிலேயே ஓடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல முறை செய்து பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நூலுக்கு உள்ளே இருக்கும் பொருளைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் கால் மணி நேரத்தில் குழந்தை எழுந்து போய்விடும், மிச்சத்தைப் பெரியவர் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருப்பார். நூலைப் போல சேலை என்பார்கள். இங்கே உள்கூட்டைப் போல சிற்பம்.

அந்த உள்கூட்டுக்கு எளிதாகக் கிடைக்கும் வழிகள் நான்கு: மரக்கிளை, வெட்டிய அட்டை, வளையும் கம்பி, அப்புறம் கைக்குக் கிடைத்த பொருள்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. நான்கிலும் அழகான சிற்பம் வரும். ஆனால் குழந்தைக்கு என்ன வயது, எவ்வளவு நேரம் இருக்கிறது, பக்கத்தில் எத்தனை பெரியவர்கள் என்பதைப் பொறுத்து நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்கின்றன. ஒப்பிடும்போது நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கையில் வைத்துக்கொள்கிறேன்: குழந்தை தானே தொடங்கி, தானே நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தானே தொடர முடிகிறதா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு

3 மில்லிமீட்டர் தடிமனுள்ள நூலை இடைவெளி விடாமல் சுற்றினால், 10 சென்டிமீட்டர் நீளத்தை மூட ஏறக்குறைய 33 சுற்று வேண்டும். 1 மில்லிமீட்டர் நூல் என்றால் அதே இடத்துக்கு 100 சுற்று. ஐந்து வயதுக் குழந்தைக்கு 33 சுற்று விளையாட்டு, 100 சுற்று தண்டனை. ஆக, எத்தனை சுற்று என்பதை நூலின் தடிமன் முடிவு செய்கிறது. ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு நீளம் என்பதை உள்கூட்டின் பருமன் முடிவு செய்கிறது. சுண்டுவிரல் பருமனுள்ள குச்சியில் அந்த 33 சுற்றுக்கு ஒன்றரை மீட்டர் நூல் போதும். 6 சென்டிமீட்டர் அகலமுள்ள அட்டையில் அதே 33 சுற்றுக்கு நாலு மீட்டருக்குமேல் போய்விடும். ஒன்றரை மீட்டர் நூலைக் குழந்தை சமாளித்துவிடும். நாலு மீட்டர் நூல் மேசைக்கு அடியில் போய், நாற்காலிக் காலில் மாட்டி, சிக்காகத்தான் திரும்பி வரும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிளை

முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது கிளைதான். அதிலும் இரண்டாக, மூன்றாகப் பிரிகிற கவட்டைக் கிளை. காரணம் எளிமையானது. கிளையில் நூல் தானாகப் பிடித்துக்கொள்ளும். பட்டையின் சொரசொரப்பு நூலை வழுக்கவிடாது, கவட்டை வந்ததும் நூல் அங்கே தங்கிவிடும். குழந்தை கையை எடுத்தாலும் சுற்றிய சுற்று அவிழ்ந்து ஓடாது. பட்டை உரித்து வழவழவென்று தேய்த்த குச்சியில் இந்தப் பிடிப்பு இல்லை. கடையில் கட்டாகக் கிடைக்கும் ஐஸ் குச்சிகளிலும் அதே பிரச்சினைதான்.

சுற்றுவதற்கு இரண்டு வழி உண்டு. குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு நூலைச் சுற்றுவது ஒன்று. நூலை அசையாமல் பிடித்துக்கொண்டு குச்சியை உருட்டுவது இன்னொன்று. பெரியவர்கள் முதல் வழியைத்தான் இயல்பாகக் காட்டுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாவதைக் காட்டிப் பாருங்கள். நூல் ஒரே இடத்தில் நிற்பதால் சிக்கு விழாது. ஒரு கை பிடிக்க, இன்னொரு கை உருட்ட, இரண்டு கைகளும் வெவ்வேறு வேலையை ஒரே நேரத்தில் செய்யப் பழகுகின்றன. பொத்தான் போடுவதற்கும் கத்தரிக்கோலால் வெட்டுவதற்கும் தேவைப்படுகிற பழக்கம் அதே பழக்கம்தான். நாலு வயதுப் பிள்ளை ஒன்று இதைக் கண்டுபிடித்த நொடியில் குச்சியை உருட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

கிளை பொறுக்குவதே பாதி மகிழ்ச்சி. தானாக விழுந்து காய்ந்த கிளையாக இருக்கட்டும், 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் போதும். மெல்ல வளைத்துப் பாருங்கள், படக்கென்று ஒடிந்தால் அது வேண்டாம். முள் உள்ளதையும் பால் வடிகிற செடியையும் தொடவே வேண்டாம். இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுத்தால் ஈரமும் பூச்சியும் போய்விடும்.

கவட்டைக்கு நடுவே நூலை இங்கும் அங்கும் கொண்டுபோனால் அதுவே சின்னத் தறி ஆகிவிடும். எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். இரண்டு குச்சிகளைக் குறுக்காக வைத்துக் கட்டி, நூலை நான்கு குச்சி முனைகளிலும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தால் வைர வடிவம் வருமே, அதுவும் கிளை வழியில் சேர்ந்ததுதான். அந்த வடிவம் மெக்சிகோவின் விராரிகா மக்களுக்குப் புனிதமானது, அதைத் தங்கள் குழந்தைகளின் பாதுகாப்போடு சேர்த்துப் பார்ப்பவர்கள் அவர்கள். செய்யும்போது இது யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். வெறும் கைவேலையாக மட்டும் அதைக் கடந்து போகக் கூடாது என்பது என் எண்ணம்.

கிளையின் குறை ஒன்றே ஒன்று. வடிவத்தைக் கிளை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. யானை செய்ய வேண்டும் என்று ஆசையோடு உட்கார்ந்த குழந்தைக்குக் கவட்டைக் கிளையைக் கொடுத்தால் முகம் வாடத்தான் செய்யும்.

அட்டையும் கம்பியும்

அந்த யானைக்கு அட்டை இருக்கிறது. குழந்தை தானே வரைந்த உருவம் அப்படியே சிற்பத்தின் உடலாகிறது, இதுதான் அட்டையின் பெரிய பலம். நிறையப் பிள்ளைகளோடு ஒரே நேரத்தில் செய்வதாக இருந்தாலும் அட்டைதான் வசதி. முன்கூட்டியே வெட்டி அடுக்கி வைத்துக்கொள்ளலாம், எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் வேலை தொடங்கும். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கத்தரிக்கோலால் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டால் நூலின் நுனியை அதில் செருகிவிடலாம். முடிச்சே வேண்டாம். முடிச்சுப் போடத் தெரியாத குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும்.

ஆனால் அட்டைக்கு இரண்டு தொந்தரவுகள் உண்டு. முதலாவது, தடித்த அட்டையைக் குழந்தையால் வெட்ட முடியாது. பெரியவர் வெட்டிக் கொடுக்கும்போது குழந்தை வரைந்த கோணல் காது நேராகிவிடுகிறது. தயவுசெய்து கோணலைக் கோணலாகவே வெட்டுங்கள். இரண்டாவது, குழந்தைகள் நூலை இறுக்கி இழுப்பார்கள், அட்டை நடுவில் சுருங்கி வளைந்துவிடும். பெட்டி அட்டைக்குள் வரிவரியாக ஓடும் நெளிவு இருக்கிறதல்லவா, அது ஓடும் திசையில் அட்டை எளிதில் மடங்காது, அதற்குக் குறுக்கே மடங்கிவிடும். இரண்டு துண்டுகளை ஒன்றில் நெளிவு நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் வருமாறு ஒட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்கும். ஒட்டியது முந்தின நாளே காய்ந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. அட்டையில் செய்வது பெரும்பாலும் தட்டையாகவே முடியும். நூல் சுற்றிய படம் என்று சொல்லலாம், சிற்பம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கும். இரண்டு உருவங்களைப் பாதி வரை பிளந்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கவைத்தால் அது நாலு பக்கமும் பார்க்கக்கூடிய பொருளாகிறது. இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் அட்டையை நான் சிபாரிசு செய்வதில்லை.

கம்பி இதற்கு நேர் எதிர். முடிந்த பிறகு நான்கிலும் அதுதான் சிற்பம் போலவே தோன்றும். ஓடும் மனிதன், கழுத்தை வளைத்த பறவை, எதுவும் வரும். மெல்லிய கம்பியில் பஞ்சு இழை சுற்றிய பைப் கிளீனர் என்றால் இழை நூலைப் பிடித்துக்கொள்ளும், ஆறு வயதிலும் வளைக்கலாம், ஆனால் கனம் தாங்காது. 2 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி கனம் தாங்கும், ஆனால் வழுக்கும். முதலில் காகித டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிட்டு அதன்மேல் நூலைச் சுற்ற வேண்டும். நுனிகளை மடக்கி டேப் ஒட்டாமல் எந்தக் கம்பியையும் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். கண் உயரத்தில் ஆடுகிற நுனி ரொம்ப ஆபத்து. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் கம்பி எட்டு, ஒன்பது வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழே இருக்கிற பிள்ளையிடம் கம்பியைக் கொடுத்தால் பெரியவரின் கைதான் அதிகம் வேலை செய்கிறது. முடிவில் அழகான பொருள் ஒன்று மிஞ்சும், அது யாருடையது என்ற கேள்வியும் மிஞ்சும்.

மூட்டை

நான்காவது வழியைப் பற்றிச் சொல்ல ஜூடித் ஸ்காட்டிடமிருந்து தொடங்க வேண்டும். 1943-இல் அமெரிக்காவில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர். டவுன் சிண்ட்ரோம் இருந்தது. காது கேட்காது என்பதைக்கூட நீண்ட காலம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏழு வயதில் ஒரு காப்பகத்தில் விடப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கும் அதுபோன்ற இடங்களிலுமே வாழ்ந்தார். 1980-களின் நடுவில் இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் பொறுப்பேற்றுத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். 1987-இல் ஓக்லண்டில் உள்ள கிரியேட்டிவ் குரோத் என்ற கலை மையத்தில் சேர்த்துவிட்டார். வரைவதிலும் வண்ணம் தீட்டுவதிலும் ஜூடித்துக்கு மனம் போகவில்லை. நூல் கையில் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. கிடைத்த பொருள்களை எல்லாம் சேர்த்துக் கட்டி, நூலாலும் துணியாலும் சுற்றிச் சுற்றி, ஆள் உயரத்துக்குக்கூடச் சிற்பங்கள் செய்தார். 2005-இல் இறக்கும் வரை ஏறத்தாழ 200 படைப்புகள். உள்ளே என்ன இருக்கிறது என்பது பலவற்றில் வெளியே தெரியாது.

இவருடைய வழியைக் குழந்தைகளிடம் கொண்டுபோகும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கிறது. அதில் தப்பாகச் செய்வதற்கு எதுவுமே இல்லை. காலி அட்டைக் குழாய், உடைந்த பொம்மையின் கை, மரக்கட்டைத் துண்டு, பழைய சாக்ஸ், எதையும் சேர்க்கலாம். குழந்தை தான் விரும்பிய பொருளை உள்ளே வைத்து மூடுகிறது. முதலில் அகலமான துணிப் பட்டைகளால் ஒன்றாகக் கட்டி, அதன்மேல் நூல். மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் சுற்றச் சொல்லுங்கள். ஒரு திசையில் போன நூலை இன்னொரு திசையில் வரும் நூல் பூட்டிவிடும், வழுக்குகிற பேச்சே இல்லை. உருண்டையான பந்தில் மட்டும் நூல் நழுவும், மேடும் பள்ளமுமாக இருக்கிற பொருள்தான் நல்லது. பாதி சுற்றிய பிறகும் இன்னொரு பொருளை மேலே வைத்துத் தொடரலாம். நான் முன்னே சொன்ன கேள்விக்கு, மறுநாள் தொடர முடியுமா என்பதற்கு, மூட்டைதான் முழுமையான பதில். பத்து நாள் ஆனாலும் அது முடியாமலே காத்திருக்கும்.

கணக்குப்படி பார்த்தால் இதில் நூல் ரொம்பச் செலவாகும். 30 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மூட்டையை நெருக்கமாக மூடப் போனால் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கே 10 மீட்டர் ஆகிவிடும். நெருக்கமாக மூட வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் இதன் விடை. கீழே இருக்கிற துணி தெரியட்டும், நன்றாகவே இருக்கும். உள்ளே வைக்கக் கூடாதவை: கண்ணாடி, பேட்டரி, சின்னக் காந்தம், அழுகக்கூடிய எதுவும்.

மூட்டையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இது வேண்டாம். அவசரப்படுத்தினால் மூட்டை வெறும் பொட்டலமாகிவிடும். அப்புறம், இது என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பெரியவர் பக்கத்தில் இருந்தால் குழந்தை பாதியில் சோர்ந்துவிடும்.

நூல் எது, பிடிப்பு எது

தடித்த அக்ரிலிக் நூல்தான் என் முதல் தேர்வு. தோலில் அரிக்காது, துவைக்கலாம், எல்லா நிறமும் கிடைக்கும். அசல் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் சில பிள்ளைகளுக்கு அரிக்கும். பருத்தி நூல் பார்க்க அழகு. அது நீளாது, தளர்ந்தால் தளர்ந்ததுதான், அதனால் பழகிய கைக்குத்தான் சரிப்படும். பழைய டி-ஷர்ட்டை உடலைச் சுற்றி வரும் வாட்டத்தில் 2 சென்டிமீட்டர் பட்டைகளாக வெட்டி இழுத்துவிட்டால், விளிம்பு சுருண்டு குழாய் போன்ற தடித்த நூல் கிடைக்கும். வேகமாக மூடும், இறுக்கமாகவும் பிடிக்கும். மூட்டைக்கு இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை.

பசையா, முடிச்சா, டேப்பா என்ற கேள்வியில் என் பதில் உறுதியானது: பசை வேண்டாம். கையில் பசை, பசையில் நூல் பிசிறு, பிசிறு ஒட்டிய விரலால் சுற்றவே முடியாது என்பது ஒரு காரணம். சூடான பசைத் துப்பாக்கி குழந்தையின் விரலைச் சுட்டுவிடும், அது பெரியவர் கையோடு நிற்கட்டும். இவற்றைவிடப் பெரிய காரணம், பசை போட்டதை அவிழ்க்க முடியாது. குழந்தைகள் சுற்றுவதை விரும்புகிற அளவுக்கு அவிழ்ப்பதையும் விரும்புகிறார்கள். நுனியைக் குச்சியின் நீளவாக்கில் படுக்கவைத்து அதன்மேலேயே சுற்றிக்கொண்டு போனால் தொடக்கத்துக்கு முடிச்சு வேண்டாம். முடிவில் நுனியை முந்தைய சில சுற்றுகளுக்கு அடியில் மழுங்கிய பெரிய ஊசியால் நுழைத்து இழுத்துவிட்டால் போதும். நாலு வயதுப் பிள்ளைக்குத் தொடக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கொடுப்பதில் தவறில்லை.

கண்டை அப்படியே கொடுக்காதீர்கள். நூலைக் குழந்தையின் இரு கை விரிந்த அளவுக்கு வெட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் சின்ன அட்டைத் துண்டில் கொஞ்சம் சுற்றிக் கொடுங்கள். சிக்கு குறையும் என்பதோடு பாதுகாப்பும் இதில்தான் இருக்கிறது. நூல் கழுத்துக்குப் போகக் கூடாது, விரலில் இறுக்கிச் சுற்றக் கூடாது என்று தொடங்கும்போதே சொல்லுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் இடத்தில் துண்டு நூல்களை உடனே பொறுக்கிவிட வேண்டும். வீட்டில் பூனை இருந்தாலும் அப்படித்தான், விழுங்கிய நூல் அதன் குடலைப் பாழாக்கிவிடும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? நாலு, ஐந்து வயதுக் குழந்தை ஒன்றோடு ஒரு மாலைப்பொழுது என்றால் கிளையும் தடித்த நூலும். பதினைந்து, இருபது பிள்ளைகள், ஒரு மணி நேரம், பெரியவர் ஒருவர் மட்டும் என்றால் முன்கூட்டி ஒட்டி வெட்டிய அட்டை. ஒன்பது வயதுக்கு மேல், இன்ன உருவம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கும் பிள்ளைக்குக் கம்பி. பல நாள் தொடர்ந்து செய்ய நேரமும் இடமும் இருந்தால், எந்த வயதானாலும் மூட்டை. பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து ஒன்றைச் செய்வதற்கும் மூட்டையே பொருத்தம். மூன்று பேர் ஒரே மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றலாம், யாருடைய கை எங்கே முடிந்தது என்பது தெரியாது.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டால் நான் மூட்டை என்பேன். ஆனால் அதை முதல் நாளில் தொடங்க மாட்டேன். முதல் நாள் கிளை. நூல் எப்படிப் பிடிக்கிறது, எப்போது தளர்கிறது, எவ்வளவு இழுக்கலாம் என்பதை விரல்கள் தெரிந்துகொண்ட பிறகு மூட்டைக்கு வந்தால், குழந்தை ஒரு வார்த்தை கேட்காமல் சுற்றத் தொடங்கிவிடும்.

முடிந்ததை ஒரு வாரமாவது எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். அதன் பிறகு ஒரு நாள் குழந்தை அதை எடுத்து அவிழ்க்க ஆரம்பித்தால் தடுக்காதீர்கள். பசை போடாத நூல், சுருள் சுருளாக வெளியே வரும். அந்தச் சுருளோடே மறுபடியும் கண்டாகச் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.